பழைய மேக் 'சிட்' ஃபைல்: பிரிப்பது எளிது, முழுசாகப் பிரிப்பதுதான் வேலை

7-ஜிப் திறக்காது. வின்ரார் கைவிரித்துவிடும். மேக்கிலேயே இருக்கும் ஆர்க்கைவ் யூட்டிலிட்டிக்கும் இது என்னவென்று தெரியாது. பழைய சிடி, ஜிப் டிஸ்க், 1990-களின் எஃப்டிபி தளத்தின் (ஃபைல் இறக்கும் தளம்) நகல் என்று எங்கிருந்தாவது, பழைய மேக்கின் ஸ்டஃப்இட் என்ற மென்பொருள் சுருக்கிக் கட்டிய, 'சிட்' என்று முடியும் ஒரு ஃபைல் வந்து சேரும்போது பலரும் இந்த மூன்றையும் முயன்று பார்த்துவிட்டு, ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் நடக்கிறது. சரியான மென்பொருளைக் கண்டுபிடித்து, பிரித்து, "வேலை முடிந்தது" என்று மூல ஃபைலைத் தூக்கிப்போட்ட பிறகுதான், உள்ளே இருந்ததில் பாதி வரவே இல்லை என்பது தெரியவரும். இந்தப் பதிவு அந்தப் பாதியைக் காப்பாற்றுவது பற்றியது.

ஸ்டஃப்இட்டை 1987-இல் எழுதியவர் ரேமண்ட் லாவ். அப்போது அவர் நியூயார்க்கில் பள்ளி மாணவர். ஷேர்வேராக (முயன்று பார்த்துப் பிடித்தால் பணம் தரும் மென்பொருளாக) வந்து, மேக் உலகத்தில் அதற்கு முன் புழங்கிய பேக்இட்டை ஓரங்கட்டியது. பிறகு அலாதீன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் அதை விற்றது. 2004-இல் அந்த நிறுவனத்தின் பெயர் அல்யூம் ஆனது. 2005-இல் ஸ்மித் மைக்ரோ வாங்கிக்கொண்டது. பிரிக்கும் மென்பொருளான ஸ்டஃப்இட் எக்ஸ்பாண்டர் எப்போதும் இலவசம். பல வருடம் ஆப்பிளே அதை மேக்கோடு சேர்த்துத் தந்தது. சுருக்கும் முறை மட்டும் மூடிய ரகசியம். 2003-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸின் பாந்தர் பதிப்பில், ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டரே ஜிப் போடக் கற்றுக்கொண்டது. 2005-இன் டைகர் பதிப்பில் எக்ஸ்பாண்டர் சேர்ந்து வருவது நின்றது. அத்தோடு இதன் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. 16-ஆம் பதிப்பு வரை வந்தும், புதிதாக யாரும் சிட் போடவில்லை.

ஒரே பெயர், மூன்று ஃபைல் வகை

சிட் என்பது ஒரே வடிவம் அல்ல. முதலில் ஃபைலின் தொடக்கப் பைட்டுகளைப் பாருங்கள். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் எந்த ஹெக்ஸ் எடிட்டரும் போதும். மேக்கிலும் லினக்ஸிலும் 'ஃபைல்' என்ற கட்டளையே ஸ்டஃப்இட் என்று சொல்லிவிடும்; ஆனால் கண்ணால் பார்ப்பதில் கூடுதல் தகவல் கிடைக்கும்.

பழைய வடிவம்: முதல் நான்கு பைட் எஸ், ஐ, டி, ஆச்சரியக்குறி. 10-ஆவது இடத்திலிருந்து (எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது) சின்ன ஆர், பெரிய எல், ஏ, யு. எழுதியவர் தன் பெயரையே அடையாளமாக வைத்துவிட்டார். தலைப்பு (தொடக்கத் தகவல் பகுதி) 22 பைட். அதன் பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் 112 பைட் தலைப்பு.

1998-இல் வந்த ஸ்டஃப்இட் 5 வடிவம்: தொடக்கத்தில் ஒரு முழு ஆங்கில வாக்கியம் இருக்கும். ஸ்டஃப்இட், காப்புரிமை வருடம், அலாதீன் சிஸ்டம்ஸ், இணைய முகவரி என்று 78 எழுத்து, அதன்பின் 13, 10 என்ற இரண்டு பைட், ஆக 80. விரிவு (ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி) அதே சிட்தான். அந்தக் காலத்தில் இது பெரிய எரிச்சல். எக்ஸ்பாண்டரின் 4-ஆம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு 5-இல் போட்ட ஃபைல் திறக்காது. ஃபைல் பெயரைப் பார்த்து எது என்று சொல்லவும் முடியாது.

2002-இல் வந்த ஸ்டஃப்இட் எக்ஸ்: விரிவு 'சிட்எக்ஸ்'. தொடக்கத்தில் ஸ்டஃப்இட் என்ற சொல்லும் ஆச்சரியக்குறியும். உள்ளே முற்றிலும் வேறு அமைப்பு.

இது போக, மேலே உறை இருக்கலாம். 'எச்க்யூஎக்ஸ்' என்று முடிந்தால் பின்ஹெக்ஸ் உறை: டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால், இதை பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்றவேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில வரி, அடுத்து முக்காற்புள்ளியில் தொடங்கும் 64 எழுத்து வரிகள். மின்னஞ்சலில் பைனரி போகாத காலத்தில் பிறந்தது. 'பின்' என்று முடிந்தால் பெரும்பாலும் மேக்பைனரி: 128 பைட் தலைப்பு, அதன் பிறகுதான் உண்மையான சிட். எனவே அந்த எஸ்-ஐ-டி அடையாளம் 0-இல் இல்லாமல் 128-இல் இருந்தால் பதற்றம் வேண்டாம். யாரோ 'பின்' விரிவை வெட்டிவிட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'எஸ்இஏ' என்று முடிந்தால் தானே பிரியும் ஆர்க்கைவ். பழைய மேக்கில் இரட்டைக் கிளிக் செய்தால் ஓடும் நிரல். இதில் ஒரு நல்ல செய்தி: ஓடும் நிரல்பகுதி ரிசோர்ஸ் ஃபோர்க்கிலும், ஆர்க்கைவ் டேட்டா ஃபோர்க்கிலும் இருக்கும் (பழைய மேக் ஃபைலின் இரண்டு பகுதிகள் இவை, விளக்கம் கீழே). விண்டோஸ் வழியாக வந்து நிரல்பகுதி உதிர்ந்துபோன எஸ்இஏ, உண்மையில் ஒரு சாதாரண சிட். பெயரை மாற்றினால் போதும். (எஸ்இஏ எல்லாமே ஸ்டஃப்இட் அல்ல, காம்பாக்ட் ப்ரோ என்ற இன்னொரு சுருக்கும் மென்பொருளும் அதே விரிவைப் பயன்படுத்தியது. முதல் பைட் 1 என்று தொடங்கினால் அதைச் சந்தேகியுங்கள்.)

எதைக் கொண்டு பிரிப்பது

இன்று ஒரே பதில்தான்: தி அன்ஆர்க்கைவர். ஃபின்லாந்தின் டாக் ஒக்ரென் எழுதியது. 2017-இலிருந்து மேக்பா நிறுவனம் பராமரிக்கிறது. மேக்கில் ஆப் ஸ்டோரில் இலவசம். அதே நிரல் கட்டளை வடிவிலும் உண்டு: பிரிக்க 'அன்ஆர்' (யு, என், ஏ, ஆர்), பட்டியலிட 'எல்எஸ்ஆர்' (எல், எஸ், ஏ, ஆர்). உபுண்டு, டெபியனில் அன்ஆர் என்ற பேக்கேஜை ஏப்ட் மூலம் நிறுவினால் இரண்டும் வந்துவிடும்; மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி. விண்டோஸில் இருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் உபுண்டு வழியே போவது மேல். அப்போது சி டிரைவில் பிரிக்காதீர்கள், லினக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரில் பிரியுங்கள். பழைய மேக் ஃபைல் பெயர்களில் விண்டோஸ் ஏற்காத குறிகள் தாராளமாக இருக்கும்.

லினக்ஸுக்கு மேக்யூட்டில் என்ற பழைய தொகுப்பு ஒன்றும் உண்டு. ஸ்டஃப்இட்டின் ஆரம்பகால வடிவத்தைத் தாண்டி அது போகாது. இன்று அதைத் தேடி நேரம் போக்க வேண்டியதில்லை.

வரிசை இப்படி. முதலில் மூல ஃபைலை வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். அடுத்து எல்எஸ்ஆரை ஹைஃபன் சின்ன எல் தேர்வோடு ஓட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஹைஃபன் சின்ன டி தேர்வோடு ஓட்டினால் ஒவ்வொன்றின் சரிபார்ப்புத் தொகையும் சோதிக்கப்படும். எல்லாம் சரி என்று வந்த பிறகே அன்ஆர். பின்ஹெக்ஸ், மேக்பைனரி உறைகளைத் தனியாக உரிக்கத் தேவையில்லை. அன்ஆர் உறைக்குள் உறை என்று தானே போய் உள்ளிருக்கும் சிட்டைப் பிரித்துவிடும்.

ஃபைல் பெயர்களில் குப்பை எழுத்து வந்தால் ஹைஃபன் சின்ன ஈ தேர்வில் எழுத்துக் குறிமுறையைச் சொல்லலாம். ஆங்கில, ஐரோப்பிய மேக்கில் போட்டதென்றால் 'மேக்கின்டாஷ்' என்று கொடுப்பது பெரும்பாலும் சரிவரும். ஜப்பானிய மேக்கில் போட்டதென்றால் ஷிஃப்ட்-ஜிஸ்.

இரண்டாவது பாதி

இனி முக்கியமான இடம். பழைய மேக்கில் ஒரு ஃபைல் என்பது இரண்டு ஃபைல். டேட்டா ஃபோர்க் என்பது நாம் இன்று ஃபைல் என்று நினைப்பது. ரிசோர்ஸ் ஃபோர்க் என்பது அதே பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பகுதி: ஐகான், மெனு, எழுத்துரு, ஒலி, நிரலின் குறியீடு எல்லாம் அதில். இது தவிர வகை, உருவாக்கியவர் என்று தலா நான்கெழுத்துக் குறியீடு இரண்டு. எந்த மென்பொருள் திறக்கவேண்டும் என்பதை மேக் இவற்றிலிருந்துதான் அறிந்தது. அதனால்தான் பழைய மேக் ஃபைல்களுக்குப் பெயரில் விரிவே இருக்காது. ஸ்டஃப்இட் அந்தக் காலத்தில் தவிர்க்கமுடியாததாக இருந்ததற்குக் காரணம், சுருக்கியதைவிட, இந்த மூன்றையும் ஒரே தட்டையான ஃபைலாகக் கட்டித் தந்ததுதான். அன்றைய ஜிப்பை நம்பி மேக் ஃபைலை அனுப்பினால் ரிசோர்ஸ் ஃபோர்க் வழியிலேயே உதிரும்.

மேக்கில் பிரித்தால் அன்ஆர்க்கைவர் உண்மையான ரிசோர்ஸ் ஃபோர்க்காகவே எழுதும். டெர்மினலில் பட்டியலிடும்போது அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு 'அட்' குறி தெரியும். விரிவாகக் கேட்டால் ஆப்பிள் ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற பண்பும் அதன் அளவும் வரும். லினக்ஸில் அப்படி ஓர் இடமே இல்லை. அங்கே ஹைஃபன் சின்ன கே தேர்வு தீர்மானிக்கிறது. 'விசிபிள்' என்றால் அதே பெயரோடு 'ஆர்எஸ்ஆர்சி' விரிவு சேர்ந்த தனி ஃபைல். 'ஹிட்டன்' என்றால் பெயருக்கு முன் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்த மறைந்த ஃபைல். 'ஸ்கிப்' என்றால் தூக்கியெறிதல். எதுவும் சொல்லாவிட்டால் விசிபிள். அதை அப்படியே விடுங்கள். ஃபோல்டர் அசிங்கமாக இருக்கிறது என்று ஸ்கிப் போடுபவர்கள்தான் பின்னால் அழுகிறவர்கள்.

எழுத்துரு இதற்குச் சரியான உதாரணம். சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் இலவசமாகத் தந்த 'மயிலை' தமிழ் எழுத்துரு மேக்குக்கும் விண்டோஸுக்கும் இருந்தது. மயிலை என்றில்லை, அன்றைய எந்த மேக் எழுத்துருவும் 'சூட்கேஸ்' என்ற ஃபைலாகத்தான் இருக்கும். அந்தச் சூட்கேஸின் டேட்டா ஃபோர்க் 0 பைட். அத்தனையும் ரிசோர்ஸ் ஃபோர்க்கில். ஸ்கிப் போட்டோ, பிரித்த பின் பென்டிரைவில் அந்த ஆர்எஸ்ஆர்சி ஃபைலை விட்டுவிட்டோ நகர்த்தினால் மிஞ்சுவது காலி உறை. "எழுத்துரு கெட்டுவிட்டது, 0 கேபி காட்டுகிறது" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

காப்பாற்றி வைத்த ஆர்எஸ்ஆர்சி ஃபைலிலிருந்து எழுத்துருவை எடுப்பது சுலபம். அந்த ஃபைல் ஆப்பிள்டபுள் வடிவம்: தொடக்கத்தில் 0, 5, 22, 7 என்ற நான்கு பைட். 26 பைட் தலைப்பு. அதன் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் 12 பைட் குறிப்பு. வழக்கமாக இரண்டு பகுதி: எண் 9 என்பது ஃபைண்டர் தகவல், 32 பைட், எண் 2 என்பது ரிசோர்ஸ் ஃபோர்க். கூட்டினால் 26 + 24 + 32 = 82. அதாவது 82-ஆவது பைட்டிலிருந்து சுத்தமான ரிசோர்ஸ் ஃபோர்க் தொடங்கும். ஹெக்ஸில் எண் 2-க்கான குறிப்பைப் பார்த்து, இடம் 82 என்றே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு எண் இருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 'டிடி' கட்டளையில் ப்ளாக் அளவு 82, தாண்டவேண்டியது 1 என்று கொடுத்தால் முன்பகுதி போய்விடும். வந்த ஃபைலுக்கு 'டிஃபான்ட்' என்று விரிவு வைத்து ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு எடிட்டரில் திறங்கள். திறக்கும், ஏனென்றால் பிற்காலத்து மேக்கின் டிஃபான்ட் என்பதே ரிசோர்ஸ் ஃபோர்க்கின் உள்ளடக்கத்தை டேட்டா ஃபோர்க்கில் வைத்த வடிவம்தான். அங்கிருந்து டிடிஎஃப்பாக எழுதிக்கொள்ளலாம். நிறைய எழுத்துரு இருந்தால் 'ஃபாண்டு' என்ற சின்னக் கட்டளை நிரல் மொத்தமாக உருவிக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருவாக இருந்தால் சூட்கேஸில் திரைக்கான புள்ளிப்படம் மட்டுமே இருக்கும், அச்சுக்கான வளைகோடு பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலில், அதுவும் அதன் ரிசோர்ஸ் ஃபோர்க்கில். இரண்டையும் சேர்த்து வையுங்கள். எழுத்துருவை எடுத்துவிட்டதால் அதில் தட்டச்சிய பழைய தமிழ் ஆவணம் யூனிகோடாகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். அது தனி வேலை. அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும்.

எல்லா ஃபைலுக்கும் இத்தனை கவனம் தேவையா என்றால், இல்லை. ஜேபெக், ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், குவார்க், எக்செல், சாதா டெக்ஸ்ட் ஆகியவற்றில் சரக்கு டேட்டா ஃபோர்க்கில்தான். ரிசோர்ஸ் ஃபோர்க் போனால் ஐகானோ சின்ன முன்னோட்டப் படமோ போகும், அவ்வளவே. எழுத்துரு, நிரல்கள், சிஸ்டம் ஒலிகள் ஆகியவற்றில் எல்லாமே ரிசோர்ஸ் ஃபோர்க்கில். நடுவில் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் உண்டு. சிம்பிள்டெக்ஸ்ட் ஆவணம்: எழுத்து வந்துவிடும், தடித்த எழுத்து, சாய்வு, படங்கள் போய்விடும். குவிக்டைம் வீடியோ இன்னும் மோசம். அன்றைய மேக்கில் 'தட்டையாக்காமல்' சேமித்திருந்தால் படச்சட்டங்கள் டேட்டா ஃபோர்க்கிலும், எந்தச் சட்டம் எங்கே என்ற அட்டவணை ரிசோர்ஸ் ஃபோர்க்கிலும் இருக்கும். அட்டவணை போனால், பல எம்பி அளவில் ஃபைல் கண்முன் இருக்கும், விஎல்சி, எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மென்பொருள்களும் அட்டவணையைக் காணோம் என்று நின்றுவிடும்.

விரிவில்லாத ஃபைல் எது என்று கண்டுபிடிக்க எல்எஸ்ஆரின் ஜேசன் வடிவ (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் முறை) வெளியீட்டைப் பாருங்கள்; வகைக் குறியீடு அங்கே இருக்கும். எண்ணாக வரும், பயப்படவேண்டாம். 1413830740 என்றால் டெக்ஸ்ட். 1246774599 என்றால் ஜேபெக். 1179011404 என்றால் எழுத்துருச் சூட்கேஸ். அந்த எண்ணை நான்கு பைட்டாகப் பிரித்து எழுத்தாக்கினால் நான்கெழுத்துக் குறியீடு கிடைக்கும்.

பிரித்தபின் 'ஐகான்' என்ற பெயரில், பின்னால் விசித்திரமான கேள்விக்குறியோடு 0 பைட் ஃபைல்கள் தெரியும். பெயரின் கடைசியில் இருப்பது 13 என்ற கட்டுப்பாட்டு எழுத்து. ஃபோல்டருக்குத் தனி ஐகான் போட மேக் வைத்தது. அழிக்கலாம். டெக்ஸ்ட் ஃபைல் முழுதும் ஒரே நீண்ட வரியாகத் தெரிந்தால், வரிமுடிவாக 10-க்குப் பதில் 13 இருக்கிறது. 'டிஆர்' கட்டளையில் மாற்றிக்கொள்ளுங்கள். டெக்ஸ்டில் மட்டும்!

பிரிய மறுத்தால்

முதல் சந்தேகம்: பாதியில் அறுந்த டவுன்லோட். பழைய வடிவத்தில் 6 முதல் 9 வரையிலான நான்கு பைட்டில் ஆர்க்கைவின் மொத்த நீளம் இருக்கிறது, பெரிய பைட் முதலில். அவை 0, 11, 74, 28 என்றால்: 11 × 65,536 + 74 × 256 + 28 = 7,39,868 பைட். வட்டில் ஃபைல் அதைவிடச் சின்னது என்றால் அறுந்தது உறுதி. வேறு பிரதி தேடுங்கள். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை, மேக்பைனரி 128-இன் மடங்காக நிரப்பியிருக்கும். ஸ்டஃப்இட் 5-இல் இதே எண் 84-ஆவது இடத்தில்.

இரண்டாவது: எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் இறக்கியது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய கொலையாளி இதுதான். ஸ்டஃப்இட் 5 ஃபைலில் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி உண்டு. 78, 79-ஆம் இடங்களில் 13, 10 இருக்கவேண்டும். 78-இலேயே 10 இருந்தால், வழியில் எங்கோ 13-10 ஜோடிகளெல்லாம் 10 ஆக்கப்பட்டிருக்கின்றன. எந்த 10 ஜோடியாக இருந்தது, எது தனியாக இருந்தது என்று இனித் தெரியாது, மீட்க வழியில்லை. மாறாக அங்கே 13, 13, 10 என்று மூன்று இருந்தால், ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13 செருகப்பட்டிருக்கிறது. இது மீளும். ஃபைல் முழுக்க 13-10 என்ற ஒவ்வொரு ஜோடியையும் ஒற்றை 10 ஆக்குங்கள்; மூன்றாக இருந்தது தானாக மூல 13-10 ஆகிவிடும். பைத்தானில் பைனரியாகத் திறந்து ஒரே வரியில் முடியும். பிறகு எல்எஸ்ஆர் சோதனை ஓட்டினால் சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்னொன்று: ஃபைல் முழுதும் 127-க்கு மேற்பட்ட பைட் ஒன்றுகூட இல்லையென்றால் ஏதோ ஓர் அஞ்சல் வழி எட்டாவது பிட்டை வெட்டிவிட்டது. அதற்கு மருந்தில்லை. பின்ஹெக்ஸ் உறையோடு இருக்கும் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். வரிமுடிவு மாறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது: கடவுச்சொல். பழைய வடிவத்தில் கடவுச்சொல் சரியாகத் தெரிந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். பூட்டுக்குத் தேவையான சாவித் துண்டு சிட் ஃபைலின் சொந்த ரிசோர்ஸ் ஃபோர்க்கில் எழுதப்பட்டிருக்கும். வெறும் டேட்டா ஃபோர்க்காகப் பயணித்து வந்த சிட்டில் அது இல்லை. எந்த மென்பொருளாலும் திறக்க இயலாது. மேக்பைனரியாகவோ பின்ஹெக்ஸாகவோ இருக்கும் பிரதியைத் தேடுவதுதான் ஒரே வழி.

பழைய மேக்கையே எழுப்புவது

சிட்எக்ஸுக்கு அன்ஆரின் ஆதரவு முழுமையானதல்ல. அது ஸ்டஃப்இட்டின் வெளியீடுகளை ஆராய்ந்து எழுதியது. பல ஃபைல் பிரியும், சில அடம்பிடிக்கும். அப்படிப்பட்டவற்றுக்கும், பிரித்த நிரலை ஓட்டியே பார்க்கவேண்டும் என்பவர்களுக்கும் எமுலேட்டர், அதாவது இன்றைய கணினிக்குள் பழைய மேக்கை நடிக்கவைக்கும் மென்பொருள். வெறுமனே எட்டிப்பார்க்க இன்ஃபினிட் மேக் தளம் போதும்: உலாவியிலேயே பழைய மேக் ஓடும், ஃபைலை இழுத்துப் போட்டால் 'தி அவுட்சைட் வேர்ல்ட்' என்ற டிஸ்கில் போய் உட்காரும்.

நிறைய வேலை இருந்தால் சொந்தமாக நிறுவுங்கள். பேசிலிஸ்க் 2 என்ற எமுலேட்டரில் மேக் ஓஎஸ் 8.1 வரை, ஷீப்ஷேவர் என்பதில் 9.0.4 வரை ஓடும். எக்ஸ்பாண்டர் 5.5 பழைய சிஸ்டம் 7-இலும் ஓடும், பழைய வடிவம், ஸ்டஃப்இட் 5 இரண்டையும் பிரிக்கும். சிட்எக்ஸ் வேண்டுமென்றால் எக்ஸ்பாண்டர் 7.0.3, அதற்கு மேக் ஓஎஸ் 8.6-ஆவது வேண்டும், ஆகவே ஷீப்ஷேவர்.

இங்கே கோழியா முட்டையா பிரச்சினை வரும்: எக்ஸ்பாண்டரே சிட்டாகவோ மேக்பைனரியாகவோதான் கிடைக்கும். பழைய மேக் டிஸ்கைக் கையாளும் கட்டளைகள் அடங்கிய எச்எஃப்எஸ்யூட்டில்ஸ் தொகுப்பு தீர்த்துவைக்கும். லினக்ஸில் 20 எம்பி அளவில் ஒரு காலி ஃபைல் உண்டாக்கி, எச்ஃபார்மேட்டால் வடிவமைத்து, எச்மவுன்டால் இணைத்து, எச்காப்பியை ஹைஃபன் சின்ன எம் தேர்வோடு ஓட்டி மேக்பைனரி ஃபைலை உள்ளே போடுங்கள். இரண்டு ஃபோர்க்கும் வகைக் குறியீடும் சரியாக விரிந்து உட்காரும். பின்ஹெக்ஸ் என்றால் சின்ன பி. அந்த ஃபைலை எமுலேட்டரில் இரண்டாவது டிஸ்காகச் சேர்த்தால் எக்ஸ்பாண்டர் ஓடத் தயாராக இருக்கும்.

சிட் ஃபைலை அப்படியே 'ரா' முறையில் உள்ளே போட்டால் வகைக் குறியீடு இருக்காது, இரட்டைக் கிளிக் வேலை செய்யாது. எக்ஸ்பாண்டரின் ஐகான் மேல் இழுத்துப் போடுங்கள், அல்லது அதன் ஃபைல் மெனுவில் எக்ஸ்பாண்ட் என்பதில் போய்த் தேர்ந்தெடுங்கள். எமுலேட்டரின் பகிர்வு டிஸ்கான 'யூனிக்ஸ்' மேலேயே வைத்துப் பிரிக்காதீர்கள். மேக்கின் டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டுப் பிரியுங்கள். பகிர்வு டிஸ்க் ரிசோர்ஸ் ஃபோர்க்கைத் தனி மறைவு ஃபோல்டரில் வைப்பதால் அங்கே சிக்கல் அதிகம்.

வெளியே எடுக்க அதே வழி தலைகீழாக: எச்காப்பி, சின்ன எம், ஒவ்வொரு ஃபைலும் மேக்பைனரியாக வரும். இதற்கு அந்த டிஸ்க் 'மேக் ஓஎஸ் ஸ்டாண்டர்ட்' வடிவில் இருக்கவேண்டும். 8.1-இலிருந்து கிடைக்கும் 'எக்ஸ்டெண்டட்' வடிவை எச்எஃப்எஸ்யூட்டில்ஸ் படிக்காது. இன்றைய மேக்கில் அந்த டிஸ்கை நேரடியாக இணைக்கலாமா என்றால், 2019-இல் வந்த கட்டலினாவுக்கு முந்தைய மேக் ஓஎஸ்ஸில் மட்டும், அதுவும் படிக்க மட்டுமே.

பிரித்ததைப் பாதுகாக்கும்போது மேக்கில் ஃபைண்டரின் கம்ப்ரெஸ் போட்டால் ரிசோர்ஸ் ஃபோர்க் எல்லாம் ஜிப்புக்குள் 'மேக்ஓஎஸ்எக்ஸ்' என்ற தனி ஃபோல்டராகப் போகும். விண்டோஸ்காரர் அதைப் பார்த்துக் குப்பை என்று அழித்தால் போச்சு. லினக்ஸில் பிரித்தவர்கள் ஆர்எஸ்ஆர்சி ஃபைல்களோடு சாதா டார் (ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கட்டளை) போட்டால் போதும். எதில் கட்டினாலும் அதே ஃபோல்டரில் மூல சிட்டையும் போட்டுவையுங்கள். பெரும்பாலான சிட் ஃபைல் சில எம்பியைத் தாண்டாது.